பேரேடு இருக்கு... குறிப்பேடு எங்கே?

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் பெரியப்பா ஒன்பது மணிக்கு ஆபீஸுக்குக் கிளம்பிப் போனார். இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அவர் ரிடையராகிப் பதினாறு வருஷமாகிறது.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வீடு. தேய்த்த வெள்ளைச் சட்டை, கட்கத்தில் குடை, கையில் டிபன் பாக்ஸ் (பிறகு திறந்து பார்த்தோம், உள்ளே ஒன்றுமில்லை). ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறியிருக்கிறார். மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் எல்லாம் தாண்டி, ஜங்ஷன் பக்கம் சரியான ஸ்டாப்பில் இறங்கியிருக்கிறார். பழைய ஆபீஸின் மாடிப்படி ஏறி, ஜன்னலோரம் மூன்றாவது மேஜைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். அங்கே கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் ரொம்ப மரியாதையாக, ''அம்மா, இது என் சீட்'' என்றிருக்கிறார்.

வேறு யாராவதாக இருந்தால் வாட்ச்மேனைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசுதான் இருக்கும். எழுந்து நின்று, ''உட்காருங்க சார்'' என்று நாற்காலியைக் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்திருக்கிறாள். பெரியப்பா மேஜையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, ''லெட்ஜரை யாரும்மா எடுத்துண்டு போனா?'' என்று கேட்டாராம்.

அதே நேரத்தில் பெரியம்மா அம்மா மண்டபம் படித்துறையில் நின்றுகொண்டிருந்தாள். காவிரியில் அன்றைக்குத் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பூ விற்கிறவளிலிருந்து தர்ப்பணம் பண்ணிவைக்கிறவர் வரைக்கும் எல்லாரிடமும், ''வெள்ளைச் சட்டை போட்டுண்டு, குடை வெச்சுண்டு ஒருத்தர் வந்தாரா?'' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் செல்போனில் பதினோரு மிஸ்டு கால். நான் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் ஜி.எஸ்.டி. கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன் (எழுத்து மட்டும் சோறு போடாது. உங்களுக்குத் தெரியாததா!).

கடைசியில் அந்த ஆபீஸில் ஒரு பழைய அட்டெண்டர் அடையாளம் கண்டுபிடித்துப் போன் பண்ணினார். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வரும்போது பெரியப்பா என்னிடம் கேட்டார்: ''இன்னிக்கு என்ன, ஆபீஸ் லீவா?''

இதெல்லாம் திடீரென்று ஒருநாள் வந்ததில்லை. ரெண்டு வருஷமாகவே ஒரே நாளில் மூன்று தடவை கத்தரிக்காய் வாங்கி வருவார். பாலுக்குப் பணம் கொடுத்தாயிற்றா என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்பார். கைக்கடிகாரம் காணோம் என்று வீட்டு வேலைக்கு வரும் அம்மாளைச் சந்தேகப்பட்டார். அந்த அம்மாள் அழுதுகொண்டே நின்றுவிட்டாள். ஒரு வாரம் கழித்துக் கடிகாரம் அரிசி டின்னுக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ''வயசானா அப்படித்தான்'' என்றோம். பெரியம்மா வேறு, வெளியில் தெரிந்தால் கேவலம் என்று அவருக்குப் பதிலாக அவளே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா கேள்வி கேட்கிற மாதிரி மிமிக்ரி பண்ணிக் கைதட்டல் வாங்கினவர் ஒருவர் உண்டு. சாட்சாத் இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்தான். சிரித்தவர்களில் பெரியப்பாவும் ஒருத்தர். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆபீஸ் சம்பவத்துக்குப் பிறகுதான் நரம்பியல் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் மூன்று வார்த்தை சொன்னார். வாழைப்பழம், சாவி, கோபுரம். ''ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் கேப்பேன்.'' பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார். நானே உள்ளுக்குள் விரல் விட்டுக்கொண்டிருந்தேன். பெரியப்பாவோ, 93, 86, 79 என்று மெயில் வண்டி வேகத்தில் போனார். டாக்டர் 65-லேயே ''போதும் சார்'' என்றார். அவர் விடவில்லை. 16, 9, 2 வரை இறங்கிவந்து, ''பாக்கி ரெண்டு, கேரி ஃபார்வேர்ட்'' என்று முடித்தார். முப்பத்தைந்து வருஷம் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஆயிற்றே! பெரியம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போய்விடலாம் என்கிற மாதிரி ஒரு பார்வை.

''அந்த மூணு வார்த்தை என்ன சார்?''

''எந்த மூணு வார்த்தை?''

மறந்துவிட்டார் என்றால் பரவாயில்லை. யாராவது மூணு வார்த்தை சொன்னார்கள் என்பதே பதியவில்லை. அப்புறம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார் டாக்டர். வட்டம் அழகாகப் போட்டார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்ணும் வட்டத்தின் வலது பாதியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இடது பாதி காலி. பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி டாக்டர் சொன்ன விஷயத்தை, பி.காம். படித்தவன் என்ற முறையில் என் பாஷையில் சொல்லிவிடுகிறேன். சயின்ஸ் குரூப் ஆசாமிகள் மன்னிக்க.

மூளையில், ரெண்டு பக்கமும் காதுக்கு உள்வாட்டத்தில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. கிரேக்க பாஷையில் கடல்குதிரை என்று அர்த்தம். பார்க்க அப்படித்தான் வளைந்து இருக்கும். அதுதான் நம் குறிப்பேடு. அதாவது ஜர்னல். அன்றாடம் நடக்கிறதெல்லாம் முதலில் அங்கேதான் பதிவாகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, முக்கியமாக நாம் தூங்கும்போது, அங்கிருந்து மூளையின் மேல்புறப் பட்டைக்கு எடுத்தெழுதப்படுகிறது. அது பேரேடு. அல்ஸைமர் நோய் முதலில் கைவைக்கிற இடங்களில் ஒன்று இந்தக் குறிப்பேடு. ஆகவே இன்றைய வரவு எதுவும் பதியாது. ஆனால் பழைய பேரேடு ரொம்ப நாள் அப்படியே இருக்கும். காலையில் இட்லி சாப்பிட்டது தெரியாது. இருபது வருஷத்துக்கு முந்தைய மேஜை தெரியும். எந்த பஸ், எந்த ஸ்டாப் என்றும் தெரியும். பெரியப்பா அன்றைக்கு வழி தவறவே இல்லை. வருஷம்தான் தவறிவிட்டது.

இதை மனிதகுலத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் அமெரிக்க இளைஞர். ஹென்றி மோலைசன் என்று பெயர். 1953-ல், அவருடைய இருபத்தேழாவது வயசில், காக்காய்வலிப்பை நிறுத்துவதற்காக ரெண்டு பக்கத்துக் கடல்குதிரைகளிலும் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. அதோடு புதிதாக எதுவும் ஞாபகத்தில் தங்குவதும் நின்றுபோயிற்று. பிரெண்டா மில்னர் என்ற பெண் விஞ்ஞானி வருஷக்கணக்கில் அவரைப் பரிசோதித்தார். ஒவ்வொரு தடவையும் தன்னைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது! அதே ஹென்றிக்குக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையக் கற்றுக்கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை தேர்ந்துகொண்டே வந்தது. இதற்கு முன் வரைந்ததே இல்லை என்று அவர் சாதிப்பார். கைக்குத் தெரிந்தது மனசுக்குத் தெரியவில்லை. ஞாபகம் என்பது ஒரே பெட்டி இல்லை, வேறு வேறு பெட்டி என்று அப்போதுதான் தெரிந்தது. ஹென்றி 2008-ல் 82 வயசில் இறந்தார். இதை ஞாபகத்தில் வையுங்கள். மார்கழி மாசம் வரும்போது திரும்பத் தேவைப்படும்.

அல்ஸைமர் என்பது ஒரு ஜெர்மன் டாக்டரின் பெயர். 1901-ல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் அவரிடம் அகஸ்டே என்ற 51 வயசுப் பெண்மணியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உன் பெயர் என்ன? அகஸ்டே. உன் புருஷன் பெயர்? அதற்கும் அகஸ்டே. 1906-ல் அந்த அம்மாள் இறந்தபின் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். செல்களுக்கு வெளியே அழுக்குத் திட்டுகள், உள்ளே நூல் சிக்கல்கள். இன்றைக்கும் இந்த ரெண்டும்தான் அந்த நோயின் அங்க அடையாளங்கள். தமாஷ் என்ன தெரியுமா? அந்த முதல் நோயாளியின் கேஸ் ஃபைலே பல பத்து வருஷம் காணாமல் போய்விட்டது. 1995-ல்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். எந்த அரிசி டின்னில் இருந்ததோ!

ஜெர்மனி, அமெரிக்கா எல்லாம் சரி. நம் பக்கம் இதையே ஆயுள் தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் யாராவது உண்டா என்று தேடினேன். மூளை என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் சென்னை ஸ்டான்லியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். இல்லாத கையில் வருகிற வலியைக் கண்ணாடிப் பெட்டி வைத்துக் குறைத்தவர். அவர் ரூட் வேறு. மறதி நோய்க்கு என்று தேடினால் அடிக்கடி தட்டுப்பட்ட பெயர், விஜயலட்சுமி ரவீந்திரநாத்.

1953-ல் பிறந்தவர். 1981-ல் மைசூர் பல்கலைக்கழகத்தில் பயோகெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் கொஞ்ச நாள். 1986-ல் பெங்களூர் நிம்ஹான்ஸில் வந்து சேர்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்ப எளிமையானது. நாம் விழுங்குகிற மாத்திரைகளை உடைத்துப் பிரிக்கிற வேலையை ஈரல் செய்கிறது, சரி. மூளைக்குள் போகிற மருந்தை யார் பிரிக்கிறார்கள்? மூளையே தனியாக ஒரு சின்ன பிராஞ்ச் ஆபீஸ் வைத்திருக்கிறது என்பதை, இறந்தவர்களின் மூளைத் திசுக்களை வைத்து ஆராய்ந்து காட்டினார். ரத்தத்தில் மருந்தின் அளவை மட்டும் பார்த்தால் மூளைக்குள் நடப்பது தெரியாது என்று இதற்கு அர்த்தம். 1996-ல் பட்நாகர் விருது, 2010-ல் பத்மஸ்ரீ.

இன்னொரு ஆராய்ச்சி கேசரிப் பருப்பைப் பற்றியது. நெய்யும் முந்திரியும் போட்ட நம் கேசரி இல்லை, பயப்படாதீர்கள். மத்தியப் பிரதேசம், பீகார் பக்கம் மழை பொய்த்தாலும் விளைகிற ஏழைகளின் பருப்பு. மாசக்கணக்கில் அதையே தின்றால் கால் விளங்காமல் போய்விடும். இதில் ஒரு விசித்திரம். பெரும்பாலும் விழுகிறவர்கள் வாலிப ஆண்கள்தான், பெண்கள் அவ்வளவாக விழுவதில்லை. ஏன்? செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவை அந்த விஷம் பழுதாக்குகிறது. பழுதைச் சரிபண்ண ஒரு புரதம் இருக்கிறது. பெண் எலிகளின் மூளையில் அது அதிகம், அதற்குத் துணை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் என்று இவருடைய ஆய்வுக்கூடம் சொன்னது. பெண்களுக்கு எதையும் தாங்கும் இதயம் என்பார்கள். மூளையும்தான் போலிருக்கிறது.

டில்லிக்குப் பக்கத்தில் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தபோது அதன் முதல் டைரக்டர் இவர்தான். 2009 வரை. 2003 டிசம்பரில் அந்த மையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் அப்துல் கலாம். நம் ஜோசப் காலேஜில் பிசிக்ஸ் படித்தவர். எதைச் சொன்னாலும் கடைசியில் திருச்சியில் கொண்டுவந்து முடிக்காவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது.

பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம். அங்கிருந்து 2012-ல் வந்தது அந்தக் கட்டுரை. அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமியின் இதழில். விஷயம் என்னவென்றால், அமுக்கராங்கிழங்கு!

மனிதனின் மறதி நோய் வரும்படி மரபணுவை மாற்றி வளர்த்த எலிகள். கண்ட வழியை மறந்துபோகிற எலிகள். அவற்றுக்கு முப்பது நாள் அமுக்கரா வேரின் சாரத்தை வாய்வழியாகக் கொடுத்தார்கள். எலிகள் மறுபடி வழியைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தன. மூளையிலிருந்த அமைலாய்டு திட்டுகள் குறைந்திருந்தன. எப்படி என்று நோண்டியபோது கிடைத்த பதில்தான் அழகு. மருந்து வேலை செய்தது மூளையில் இல்லை, ஈரலில்! ஈரலில் எல்.ஆர்.பி. என்று ஒரு புரதம் கூடுகிறது. அதில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து அமைலாய்டை ரத்தத்திலேயே பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் குறைகிறது, ஆகவே மூளையிலிருந்து மேலும் வெளியே வழிகிறது. மாடியில் தேங்கின தண்ணிக்கு மாடியில் ஆள் ஏற்ற வேண்டாம், கீழே அடைத்திருக்கிற குழாயைத் திறந்தால் போதும் என்கிற மாதிரி. சரிபார்ப்பதற்காக, ஈரலில் மட்டும் அந்தப் புரதத்தைக் குறைத்துவிட்டு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ஆக, ஈரல்தான். இந்த மாதிரி எதிர்ப் பரிசோதனையைத்தான் நான் ரசிக்கிறேன். ஆடிட்டர் புத்தி!

ஆர்வத்தில் இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் பெரியகடை வீதி நாட்டு மருந்துக் கடையிலிருந்து அரைக் கிலோ அமுக்கராப் பொடி வந்து இறங்கியது. ''பாலில் ராத்திரி ஒரு ஸ்பூன், காலம்பர ஒரு ஸ்பூன். நீதானேடா சொன்னே, சயின்ஸே ஒத்துண்டாச்சுன்னு?''

''பெரியம்மா, அது எலிக்கு.''

''எலிக்குக் கேக்கறது மனுஷாளுக்குக் கேக்காதா?''

உலகத்து மருந்துக் கம்பெனிகள் எல்லாம் முட்டி மோதிக்கொண்டு நிற்கிற கேள்வியைப் பெரியம்மா ஒரு வரியில் கேட்டுவிட்டாள். கேட்காமல் போனவைதான் ஏராளம். எலியின் அல்ஸைமரை எத்தனையோ மருந்து குணப்படுத்தியிருக்கிறது. எலி வேறு, எலிக்கு நாம் வரவழைத்த நோய் வேறு, எழுபத்தைந்து வயசு மனுஷனின் நோய் வேறு. டாக்டரிடம் கேட்டோம். மனிதர்களுக்கு மறதி நோயை அமுக்கரா திருப்பியதாக இன்னும் நிரூபணமில்லை. சில பேருக்கு ஈரலையே பாதித்திருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடவே கூடாது என்றார். பெரியம்மா வாய் பேசாமல் வந்துவிட்டாள். அந்தப் பொட்டலம் இன்னும் சமையலறை அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை. நானும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் 2023-லும் 2024-லும் ரெண்டு ஊசி மருந்துகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். லெகானமாப், டொனானமாப். வாயில் நுழையாத பேர். மூளையின் திட்டுகளைக் கரைக்கின்றன. ஆனால் நோய் திரும்புவதில்லை, போகிற வேகம் கொஞ்சம் குறைகிறது. அதுவும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு. மூளை வீக்கம், ரத்தக் கசிவு என்று பக்கவிளைவுகள் வேறு. விலை... அதை விடுங்கள், மாசக் கடைசி.

விஜயலட்சுமி அடுத்து எடுத்த வேலை, எனக்கு அமுக்கராவைவிடப் பெரிதாகப் படுகிறது. இந்த நோயின் பேஜார் என்னவென்றால், கத்தரிக்காய் மூன்றாம் தடவை வீட்டுக்கு வருகிறபோது, மூளைக்குள் வேலை ஆரம்பித்துப் பதினைந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். கம்பெனி திவாலான பிறகு ஆடிட்டரைக் கூப்பிடுகிற கதை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வருஷா வருஷம் கணக்குப் பார்த்தால்தான் எந்த வருஷம் ஓட்டை விழுந்தது என்று தெரியும். 2014-ல் இன்ஃபோசிஸ் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சிக்காக அறிவியல் கழகத்துக்கு 225 கோடி ரூபாய் தர முன்வந்தார். அதில் உருவான மூளை ஆராய்ச்சி மையத்துக்கும் முதல் டைரக்டர் இவரே. இவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரா. மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். சுற்றியுள்ள கிராமங்களில் 45 வயசுக்கு மேற்பட்ட, மறதி நோய் இல்லாத பத்தாயிரம் பேரைச் சேர்த்து, வருஷக்கணக்கில் ரத்தம், மூளைப் படம், மரபணு, ஞாபகசக்தி எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வருவது என்று திட்டம்.

இதில் ஒரு சங்கடம் வந்திருக்கும் பாருங்கள். பெரியப்பாவுக்கு வைத்த பரீட்சையை நினைத்துப் பாருங்கள். நூறிலிருந்து ஏழைக் கழி, கடிகாரம் வரை. பள்ளிக்கூடமே போகாத, பென்சிலே பிடிக்காத ஒரு குடியானவப் பாட்டியிடம் போய் இதைக் கேட்டால்? பாட்டி தப்பாகச் சொன்னால் அது மறதியா, படிக்காததா? பெரியப்பா மாதிரிப் படித்தவர் கழித்தலில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு ஊருக்கே டிமிக்கி கொடுக்கிறார். பாட்டியோ மூளை நன்றாக இருந்தும் ஃபெயில். ஆகவே எழுத்தறிவு தேவைப்படாத பரீட்சைகளை நம் ஜனங்களுக்கென்று சரிப்படுத்தி எடுக்க வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரர்களின் மூளைகளை வைத்தே எழுதப்பட்ட பாடப்புத்தகத்தில் சீனிவாசபுராப் பாட்டியும் ஒரு பக்கம் இடம்பிடிக்கப் போகிறாள்.

நம் நாட்டில் அறுபது தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு இந்த மாதிரி மறதி நோய், மொத்தம் 88 லட்சம் பேர் என்று 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொன்னது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். எங்கள் வீதியில் அறுபதைத் தாண்டியவர்கள் நூறு பேராவது தேறுவார்கள். அப்படியானால் ஏழு வீட்டில் ஏழு பெரியம்மாக்கள் ஏழு பேருக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று கணக்கு. எனக்குத் தெரிந்தது ஒரு வீடுதான்.

ஆபீஸ் போகிற என் வயசு ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. லான்செட் இதழின் நிபுணர் குழு 2024-ல் பதினாலு காரணங்களை எழுதிவைத்திருக்கிறது. அவற்றைச் சரிபண்ணினால் உலகத்தில் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சிகரெட், குடி, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பது, ஹெல்மெட் போடாமல் மண்டையில் அடி... எல்லாம் நாற்பது வயசில் நம் மேஜைக்கு வந்து சேருகிற சமாசாரங்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. காது! காது மந்தமானதைக் கவனிக்காமல் விடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெரியப்பாவுக்கு அறுபதிலிருந்தே காது மந்தம். ''மிஷின் மாட்டிண்டு கிழவன் மாதிரித் திரியணுமா?'' என்பார். நாங்களும் சிரித்துவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டினோம்.

மார்கழி வந்தது.

ஸ்ரீரங்கத்தில் மார்கழி என்றால் உங்களுக்குத் தெரியும். வைகுண்ட ஏகாதசி, பகல்பத்து, ராப்பத்து, அரையர் சேவை. விடிகாலை இருட்டில் தெருவெல்லாம் கோலம். பெரியப்பாவை இந்த வருஷம் கோஷ்டிக்கு அழைத்துப் போகலாமா வேண்டாமா என்று பெரியம்மாவுக்குத் தயக்கம். நடுவில் எழுந்து ஆபீஸுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டால்? நான் பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போனேன்.

திருப்பாவை முப்பது பாட்டு. ஓர் எழுத்து பிசகவில்லை! காலை காப்பி குடித்தது ஞாபகமில்லாத மனுஷர். பக்கத்தில் நிற்கிற என் பெயர் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. முப்பது பாட்டும் குழாயைத் திறந்த மாதிரி வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. நடுவில் யாராவது தும்மி நிறுத்திவிட்டால் விட்ட இடத்திலிருந்து வராது, மறுபடி அந்தப் பாட்டின் முதலிலிருந்துதான் வரும். இதுதான் ஹென்றியின் நட்சத்திரம். வாய்க்குத் தெரிந்திருக்கிறது. வாயின் கணக்கு வேறு பெட்டியில், கடல்குதிரைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், பத்திரமாக இருக்கிறது.

திவ்யப் பிரபந்தமே ஒரு காலத்தில் தொலைந்துபோய்த் திரும்பக் கிடைத்ததுதான் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் வரலாறு. நாதமுனிகள் குருகூருக்குப் போய், மதுரகவியாழ்வாரின் பதினோரு பாட்டைப் பன்னீராயிரம் தடவை சேவித்து நாலாயிரத்தையும் மீட்டார் என்பார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம். எனக்கு அந்தப் பன்னீராயிரம்தான் பிடித்திருக்கிறது. எரிக் கேண்டல் என்ற விஞ்ஞானி கடல் நத்தைகளை வைத்து, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் நரம்புகளுக்கு இடையே புது இணைப்புகள் முளைக்கின்றன, அதுதான் நீண்டநாள் ஞாபகம் என்று காட்டி 2000-ல் நோபல் வாங்கினார். திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் பிரம்பால் காட்டினது இதைத்தான்.

அதே மானேசர் மையத்தில் ஜேம்ஸ் ஹார்ட்ஸெல் என்கிற அமெரிக்கரும் நம் விஞ்ஞானிகளும் சேர்ந்து, சிறு வயசிலிருந்து வேதம் மனப்பாடம் செய்த 21 பண்டிதர்களின் மூளையைப் படமெடுத்து, மற்ற 21 பேரோடு ஒப்பிட்டார்கள். 2016-ல் வெளியானது. பண்டிதர்களுக்கு மொழி, ஞாபகம் சம்பந்தப்பட்ட பல இடங்கள் தடிமனாகவும் அடர்த்தியாகவும் இருந்தன. ஹிப்போகாம்பஸ் உட்பட. இதைப் படித்துவிட்டு, மனப்பாடம் பண்ணினால் மறதி நோயே வராது என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மறுப்புக்கு வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஏழு வயசிலிருந்து சேவித்தவர், திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

இப்போது கொஞ்சம் ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். சட்டைப் பையில் என் போன் நம்பர் எழுதிய சீட்டு. வாசல் கதவுக்கு மேல்தாழ்ப்பாள். காது மிஷின் மாட்டியாயிற்று (இப்போது மறுப்புச் சொல்வதில்லை, மறுக்கவேண்டும் என்பது மறந்துவிட்டது). தினம் பத்து மணிக்கு ஆபீஸ் நேரம் வந்ததும் ஒரு பழைய லெட்ஜரும் பென்சிலும் கொடுத்துவிடுகிறோம். கூட்டல் போடுகிறார். கூட்டல் சரியாகவே இருக்கிறது. நின்றுபோன அந்த வேலைக்கார அம்மாளை நேரில் போய்ப் பார்த்துப் பேசிக் கூப்பிட்டுவந்தேன். பெரியம்மா அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். அம்மாளோ, ''எங்க மாமனாரும் இப்படித்தாம்மா'' என்றாள். கணக்கில் எட்டாவது வீடு.

பி.காம். முதல் வருஷத்தில் எனக்கு அக்கவுண்ட்ஸ் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா. இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்று ராத்திரி ரெண்டு மணிக்கு நான் அழுதபோது, ''வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டுட்டுப் போய்ப் படு. எங்கேயோ ஒரு என்ட்ரி விட்டுப்போயிருக்கும். தானா வரும்'' என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். லெட்ஜரை மூடிவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

''நீங்க யாரு?''

சொன்னேன். இன்னார் பிள்ளை, உங்கள் தம்பி பையன், கணக்கு சொல்லிக்கொடுத்தீர்களே.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பேரேட்டில் எங்கேயோ புரட்டித் தேடுகிற மாதிரி முகம். கிடைக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் கோபமோ பயமோ இல்லை. என் கையைத் தட்டிக் கொடுத்து, ரொம்ப சமாதானமாகச் சொன்னார்:

''பரவால்லே. இப்போதைக்கு சஸ்பென்ஸ்லே வெச்சுக்கறேன்.''